டர்போ உறை, ஹீற் ராப், மறைப்புத் தகடு: ஓராண்டுப் பாவனைக்குப் பின்

என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் விகோ வகை டபுள் கப். 2982 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய 1கேடி டீசல் எஞ்சின் பொருத்தியது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் உள்ள வயல்களுக்கு விதைநெல்லும் பசளையும் கொண்டுபோவதும், வெட்டு முடிந்ததும் நெல் மூட்டைகளை ட்ரெயிலரில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுவருவதும் அதன் முக்கிய வேலை. சென்ற ஆண்டு இதன் டர்போவை, அதாவது எஞ்சினின் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகத்தைச் சுற்றியுள்ள சூட்டைக் குறைப்பதற்காகக் கிளிநொச்சியில், ஏ-9 வீதியை அண்டிய ஒரு சிறிய கராஜில் சில வேலைகளைச் செய்வித்தேன். காலபோகம் ஒன்று, சிறுபோகம் ஒன்று, நல்ல மாரி ஒன்று ஆகியவற்றைக் கடந்த பிறகு, எந்தப் பொருள் கொடுத்த காசுக்குப் பயன் தந்தது, எது தரவில்லை என்பதை உறுதியாகச் சொல்லக்கூடிய நிலைக்கு வந்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சிக்கலைச் சொல்ல வேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரை ஏ-34 வீதியில் ஓடும்போதோ, மாங்குளத்திலிருந்து வடக்கே ஏ-9 வீதியில் ஓடும்போதோ வாகனத்தில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில், வயலிலிருந்து கிரவல் பாதை வழியாக முழுப் பாரத்துடன் முதலாம் இரண்டாம் கியர்களில் ஊர்ந்து வந்து, ஆலை வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடியும் புறப்பட்டால், எஞ்சின் மூச்சு வாங்குவது போல இழுக்கும். அக்சிலரேற்றரை மிதித்தாலும் இழுவை வர நேரமெடுக்கும். மூன்று நான்கு கிலோமீற்றர் நல்ல வேகத்தில் ஓடிய பின்னர் தானாகவே சரியாகிவிடும். இன்ஜெக்ரரைப் பார்த்தோம், டீசல் பில்ரரை மாற்றினோம், குறை நீங்கவில்லை.

இந்த எஞ்சினின் அமைப்பை அறிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர், ரேடியேற்றருக்கு முன்னால் இல்லாமல் எஞ்சினின் உச்சியில் படுத்திருக்கிறது. பொனற்றின் மேல் உள்ள காற்றுவாய் வழியாக வரும் காற்றே அதைக் குளிர்விக்க வேண்டும். வாகனம் ஊரும்போது அந்தக் காற்று வராது. அதே நேரம் கீழேயிருந்து டர்போவின் சூடு நேராக மேலெழுந்து இன்ரர்கூலரில் அடிக்கும். காற்றைக் குளிர்விக்க வேண்டிய பொருள் அப்போது அடுப்பின்மேல் வைத்த சட்டியாகிவிடுகிறது.

காற்று ஏன் குளிராக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 35 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உள்ளிழுத்த காற்றை, நூற்றுக்கு எழுபது வினைத்திறனுள்ள டர்போ ஒன்று இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், அந்த அழுத்தத்தினாலேயே காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 130 பாகைக்குப் போய்விடும். இது வெளியிலிருந்து வந்த சூடு அன்று. எந்த உறையும் எந்த நாடாவும் இதைத் தடுக்க முடியாது, இன்ரர்கூலர்தான் இறக்க வேண்டும். இன்ரர்கூலருக்குப் பின் காற்று 50 பாகைக்குப் பதிலாக 70 பாகையில் எஞ்சினுக்குள் நுழைந்தால், அதே அழுத்தத்தில் அதன் அடர்த்தி நூற்றுக்கு ஆறு வீதமளவு குறைகிறது. அடர்த்தி குறைந்தால் ஒட்சிசன் குறைகிறது. ஒட்சிசன் குறைந்தால் எரிக்கக்கூடிய டீசலின் அளவும் குறைகிறது. பாரம் இழுக்கும் வாகனத்தில் அந்த ஆறு வீதம் காலுக்கு நன்றாகத் தெரியும்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போன ஒரு நாள், கடையொன்றில் இதற்கென்று விற்கும் பொருட்களை வாங்கிவந்தேன். டர்போவின் சூடான பக்கத்தைப் போர்த்தும் தடித்த டர்போ உறை ஒன்று, டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் டவுன் பைப்பைச் சுற்றுவதற்கான, சூட்டை உள்ளே அடக்கும் ஹீற் ராப் நாடா ஒரு சுருள், காற்றுக் குழாய்களில் ஒட்டுவதற்கான பொன்னிற நாடா ஒரு சுருள். மூன்றுக்கும் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாவை நெருங்கியது. விற்றவர் மூன்றையும் ஒரே மூச்சில் புகழ்ந்தார். என் வாகனத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவர் கேட்கவில்லை. நானும் பார்க்காமலே வாங்கினேன்.

கிளிநொச்சிக் கராஜுக்கு இந்தப் பொதியுடன் போனபோது, அங்கிருந்த மெக்கானிக் அதைப் பிரிக்கவே விடவில்லை. "அண்ணை, முதல்ல சூட்டை அளந்து பாப்பம். எங்கயிருந்து வருது எண்டு தெரிஞ்சாப் பிறகு இதுகளப் பூட்டுவம்," என்றார். வயதில் என்னைவிட நன்றாக இளையவர், ஆனால் அந்த ஒரு வார்த்தையிலேயே அவர்மீது எனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. எஞ்சினின் அளவுகளை வாசித்துக் காட்டும் ஸ்கானரைக் கொழுவி, ட்ரெயிலருடன் பரந்தன் வரை என்னை ஓட்டச்சொல்லி, திரும்பும் வழியில் வயற்பாதை ஒன்றில் வேண்டுமென்றே மெதுவாக ஊரவைத்து அளவுகளைக் குறித்துக்கொண்டார். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்கானரில் காற்றின் வெப்பநிலை என்று இரண்டு அளவுகள் தெரியும். ஒன்று எயார் கிளீனருக்கு அருகில் உள்ளது. அது வெளிக்காற்றின் சூட்டை ஒட்டியே காட்டும். மற்றது இன்ரர்கூலரைத் தாண்டி, எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் உள்ளது. நமக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வாகனத்தைத் திருப்பி அனுப்பிய இடங்களும் எனக்குத் தெரியும். அன்று இரண்டாவது அளவு, ஊர்ந்து வந்து பத்து நிமிடம் நிறுத்திப் புறப்பட்டபோது 84 பாகையைக் காட்டியது.

பிறகு பொனற்றைத் திறந்து விளக்குப் பிடித்துப் பார்த்தவர், இரண்டு குறைகளைச் சுட்டிக்காட்டினார். டர்போவின்மேல் கொம்பனியிலிருந்தே வரும் தகட்டு மறைப்பு என் வாகனத்தில் இல்லை. அதைப் பிடிக்கும் போல்ற்றுகளின் துளைகள் மட்டும் இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் டர்போவைக் கழற்றிப் பூட்டியபோது அதை மீண்டும் பூட்டாமல் விட்டிருக்க வேண்டும். இரண்டாவது குறை, பொனற்றின் காற்றுவாய்க்கும் இன்ரர்கூலருக்கும் இடையில் காற்று சிந்தாமல் அடைக்கும் றப்பர் விளிம்பு வெயிலில் பொடிந்து பாதி உதிர்ந்திருந்தது. அதனால் ஓடும்போது வரும் குளிர்காற்றின் ஒரு பகுதி இன்ரர்கூலருக்குள் புகாமல் ஓரத்தால் நழுவிப்போயிற்று. நிற்கும்போது கீழேயுள்ள சூடு அதே இடைவெளியால் மேலேறிற்று. நாற்பதாயிரம் ரூபாவுக்குப் பொருள் வாங்குவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டிய இரண்டு இடங்கள் இவை. இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து முதலில் தங்கள் வாகனத்தில் அந்தத் தகடும் அந்த விளிம்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தகட்டைப் பற்றி விரிவாகச் சொல்வது தகும். பள்ளிக்கூடத்தில் வெப்பம் கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு என்று மூன்று வழிகளில் செல்லும் என்று படித்தோம். பாரத்தில் உழைக்கும் டீசல் டர்போவுக்குள் புகும் புகை 600 பாகைக்கு மேல் சூடாக இருக்கும். அந்த நிலையில் வார்ப்பிரும்பு உடலிலிருந்து சுற்றியுள்ள பொருட்களுக்குச் செல்லும் சூட்டில் கதிர்ப்பின் பங்கு மிகப் பெரிது. கதிர்ப்பு, கெல்வின் அளவிலான வெப்பநிலையின் நான்காம் அடுக்குடன் ஏறுகிறது என்பதை 1879 ஆம் ஆண்டில் ஸ்ரெபான் என்ற பௌதிகவியலாளர் கண்டறிந்தார். இதன் பொருள் நடைமுறையில் என்னவென்றால், இன்ரர்கூலரின் பார்வையில் படும் மேற்பரப்பு 600 பாகையிலிருந்து 300 பாகைக்கு இறங்கினால், அது வீசும் கதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இடையில் ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தி, தகட்டுக்கும் டர்போவுக்கும் இடையில் ஒரு விரல் அகலக் காற்றிடைவெளியை விட்டாலே, அந்த இறக்கத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. இடைவெளியால் காற்று ஓடி, தகடு வாங்கிய சூட்டையும் எடுத்துச்செல்லும். வாகன உற்பத்தியாளர்கள் துணியால் போர்த்தாமல் தகட்டை இடைவெளி விட்டு நிறுத்துவதற்குக் காரணம் இதுவே.

கொம்பனித் தகடு உடனடியாகக் கிடைக்காததால் அவர் எவர்சில்வர் தகட்டில் ஒன்றை வெட்டி, அட்டையில் முதலில் மாதிரி எடுத்து, வளைத்துப் பூட்டினார். கூரைத் தகட்டில் செய்தால் மலிவாக முடியுமே என்று நான் கேட்டதற்கு அவர் மறுத்துவிட்டார். அந்தத் தகட்டின் நாகப்பூச்சு 420 பாகையளவில் உருகத் தொடங்கும், அதன் புகையும் நல்லதல்ல என்று அவர் சொன்ன விளக்கம் சரியானது. வேலைத்தரத்திலும் குறையில்லை, விளிம்புகளை மடித்துத் தட்டியிருந்தார், கைபட்டால் வெட்டாது. தகட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா எடுத்தார். றப்பர் விளிம்புக்குப் பதிலாகச் சூடு தாங்கும் நுரை றப்பர்ப் பட்டியை ஒட்டியதற்கு ஆயிரத்து இருநூறு. இந்த இரண்டை மட்டும் செய்துவிட்டு அதே பாதையில் அதே பாரத்துடன் ஓடிப் பார்த்தபோது 84 ஆக இருந்த அளவு 73 ஆக இறங்கியிருந்தது. நான் வாங்கிச்சென்ற பொதி அப்போதும் பிரிக்கப்படாமலே மேசையில் இருந்தது.

அடுத்த வாரம் டர்போ உறையைப் பூட்டினோம். உள்ளே வெள்ளை நிறச் செராமிக் இழைப் பஞ்சு, வெளியே எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த பசோல்ற் இழைத் துணி, இழுத்துக் கட்டுவதற்குக் கொக்கிகளும் ஸ்பிரிங்குகளும். பொருள் தரமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் உறை விற்கும் எவரும் சொல்லாத ஒன்றை மெக்கானிக் சொன்னார்: உறை புகை செல்லும் சூடான பக்கத்தை மட்டுமே மூட வேண்டும். நடுவில் உள்ள பெயாரிங் பகுதியையும், காற்றை அழுத்தும் குளிர்ந்த பக்கத்தையும் மூடக்கூடாது. இந்த எஞ்சினின் டர்போவில் சுழலியைச் சுற்றியுள்ள இதழ்களைத் திருப்பும் மின் மோட்டார் ஒன்றும் உண்டு. அதன்மேல் உறையின் ஓரம் பட்டால் மோட்டார் கெட்டு, பெருஞ்செலவு வரும். எனக்கு வந்த உறை பொதுவான அளவில் தைத்தது, இந்த டர்போவுக்கென்று தைத்ததன்று. ஆதலால் அந்த மோட்டார்ப் பக்கம் துணி தளர்ந்து தொங்கியது. அவர் அதை மடித்து எவர்சில்வர்க் கம்பியால் தைத்துத் தள்ளிக் கட்டினார். கையுறையும் முகமூடியும் அணிந்து, இழை பறக்காமல் துணியைச் சற்று ஈரப்படுத்தி வேலைசெய்ததையும் பாராட்ட வேண்டும். அந்த இழை தோலில் பட்டால் நாட்கணக்கில் அரிக்கும், மூச்சில் போவதும் தீங்கானது. பூட்டுவதற்கு முன் ஒயில் கசிவு இருக்கிறதா என்று குழாய் இணைப்புகளை எல்லாம் துடைத்துப் பார்த்தார். ஒயில் ஊறிய உறை தீப்பிடிக்கும் என்பதால் இது தவிர்க்கக்கூடாத வேலை.

முதல் நாள் ஓட்டத்தில் உறையிலிருந்து ஒரு மணிநேரமளவு புகை வந்தது. துணியில் உள்ள பசை எரிவதுதான் அது, பிறகு நின்றுவிட்டது. பலன் என்னவென்றால், 73 ஆக இருந்த அளவு 67 ஆயிற்று. அதைவிட எனக்குப் பிடித்தது, டர்போவுக்கு அருகிலுள்ள றப்பர் ஹோஸ்களும் வயர்க் கோப்பும் இப்போது கைவைக்கக்கூடிய சூட்டில் இருப்பது. மற்றொன்று, உறை சூட்டை உள்ளே வைத்திருப்பதால் நீண்ட ஓட்டத்துக்குப் பின் உடனே எஞ்சினை நிறுத்தக்கூடாது. ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இல்லையேல் அடைபட்ட சூடு பெயாரிங்குக்குள் ஏறி, அங்கே தங்கிய ஒயிலைக் கரியாக்கிவிடும். இது டர்போ உள்ள எந்த வாகனத்துக்கும் நல்ல பழக்கம், உறை போட்டவற்றுக்குக் கட்டாயம்.

ஹீற் ராப் நாடாவைப் பற்றி நல்லது சொல்ல முடியவில்லை. டவுன் பைப்பில் நெருக்கமாகச் சுற்றிக் கிளிப் போட்டபோது பார்க்க அழகாக இருந்தது, வெப்பநிலையில் மேலும் இரண்டு பாகை குறைந்தது. ஆனால் நம் பாதைகளில் அது நிலைக்காது. கார்த்திகை மார்கழியில் குளம் வான் பாயும் நாட்களில், பாதையைக் குறுக்கறுத்து ஓடும் நீரை முழங்காலளவு ஆழத்தில் கடந்துதான் வயலுக்குப் போக வேண்டியிருந்தது. நாடா நீரைக் குடித்து வைத்துக்கொண்டது. சேறும் அதனுடன் ஊறியது. மாரி முடிந்து தை மாதம் ஒரு சுற்றைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே குழாய் செதில் செதிலாகத் துருவேறியிருந்தது. உலர்ந்த, கழுவித் துடைத்து வைக்கும் வாகனமென்றால் நிலைமை வேறாக இருக்கலாம். வயலுக்குப் போகும் வாகனத்தில் அதைச் சுற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. நான் முழுவதையும் கழற்றிவிட்டேன். எஞ்சினின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் வார்ப்பிரும்பு மனிபோல்ட்டிலும் சுற்றலாமா என்று நான் கேட்டபோது மெக்கானிக் தொடக்கத்திலேயே மறுத்ததற்கு இப்போது நன்றி சொல்கிறேன். வெளியேற வழியில்லாத சூட்டில் வார்ப்பிரும்பு வெடிப்பு விடக்கூடும்.

பொன்னிற நாடா கதிர்ப்பைத் திருப்பியனுப்பும் பொருள். மினுங்கும் உலோகப் பரப்பு தன்மேல் விழும் வெப்பக் கதிர்ப்பில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த மினுக்கம் இருக்கும்வரைதான். ஒட்டுசுட்டான் கிரவலின் செந்தூள் ஒரு மாதத்தில் அதை மண்ணிறமாக்கிவிட்டது. துடைத்தால் மீண்டும் மினுங்குகிறது; பொனற்றுக்குள் கைநுழையாத வளைவுகளை யார் துடைப்பது? அளவில் எந்த மாற்றத்தையும் நாங்கள் காணவில்லை.

சுப்பர்சார்ஜர் பூட்டிய வாகனம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர், நான் எழுதும் இந்த உறையைத் தனது மெர்சிடிஸ் சி-180 கொம்பிரஸரிலும் போடலாமா என்று வவுனியாவிலிருந்து கேட்டார். போடக்கூடாது. சுப்பர்சார்ஜரைச் சுற்றுவது எஞ்சினின் பெல்ற்; புகை அதற்குள் போவதில்லை. காற்றை அழுத்துவதால் வரும் சூடும், பூட்டப்பட்ட இடம் வழியாக எஞ்சினிலிருந்து கடத்தலாக வரும் சூடுமே அதன் சிக்கல். அதை உறையால் மூடினால் உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியின்றி நிலைமை மோசமாகும். அங்கே பயன் தருவது, சூட்டைக் கடத்தாத காஸ்கற் அல்லது இடைத்துண்டை இணைப்பில் வைப்பதும், எக்ஸோஸ்ற் பக்கத்திலிருந்து கதிர்ப்பு வராமல் தகடு நிறுத்துவதும், இன்ரர்கூலருக்குக் காற்று தடையின்றிப் போகவிடுவதும். சூடு எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் வாங்கும் பொருள் எதிர்விளைவையே தரக்கூடும் என்பதற்கு அவர் கேள்வி நல்ல எடுத்துக்காட்டு.

கராஜின் சேவை குறித்து ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாளில் முடியும் என்று சொன்ன தகட்டு வேலை மூன்று நாள் எடுத்தது. வெட்டு நடக்கும் காலமாதலால் நெல் ஏற்ற வாடகை லொறி பிடிக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை நாள் தவறும் என்றால் முன்கூட்டியே சொல்லும்படி கேட்டிருக்கிறேன். வேலையின் நேர்மையில் குறையில்லை. நான் கொண்டுபோன நாடாக்களைப் பூட்டுவதற்கு முன்னரே "இது நிண்டு பிடிக்காது, அண்ணை" என்று சொன்னார்; நான் வற்புறுத்தியதால்தான் சுற்றினார். ஆறு மாதம் கழித்து உறையின் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்தபோது காசு வாங்காமல் இறுக்கித் தந்தார்.

இதே வகை வாகனத்துக்கு இன்று மறுபடியும் செய்வதானால், தகட்டையும் றப்பர் விளிம்பையும் முதல் நாளே செய்வித்து, ஒரு வெட்டுக்காலம் ஓடிப் பார்த்து, தேவையென்று பட்டால் மட்டும் இந்த டர்போவின் அளவுக்கென்று தைத்த உறையை வாங்குவேன். இரண்டு நாடாக்களையும் வாங்கமாட்டேன். வரும் காலபோக விதைப்புக்கு முன் தகட்டின் கீழ்விளிம்பை வயர்க் கோப்புப் பக்கம் இரண்டு விரலளவு நீட்டித் தருவதாக மெக்கானிக் ஒப்புக்கொண்டிருக்கிறார். அட்டை மாதிரி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.